பிறழ் சாட்சியான தகடு

காலை பதினொன்றரை மணிக்கு அந்த ஆய்வுக்கூடத்தின் வாசலில் நான் காரை நிறுத்தியபோது, என் தங்கையின் வேலைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்தான் ஆயுள் பாக்கி இருந்தது. மூன்று மணிக்குக் கூட்டம். ஐந்து பேர் உட்கார்ந்து, அவள் இரண்டு வருடமாகச் செய்த ஆராய்ச்சி மோசடி என்று கையெழுத்துப் போடப் போகிறார்கள். அப்புறம் இங்கே மட்டுமில்லை, எந்த ஆய்வுக்கூடத்திலும் அவளுக்கு நாற்காலி கிடைக்காது.

பின்சீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். என் அண்ணனின் மனைவி, என் முதலாளி. பன்னிரண்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய கண்ணாடிகளையும் மோப்பம் பிடித்துவிட்டு, ஒரு நல்ல நாளில் வேலையை உதறி, தையற்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதில் நல்ல அனுபவம் உண்டு.

முன்சீட்டில் தங்கை. அவளும் அண்ணியும் பேசி நான்கு மாதம் ஆகிறது. இரவல் வாங்கிப்போன சூட்கேஸை இவள் சாவி இல்லாமல் திருப்பிக் கொடுத்தாள், அதற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், இவள் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு நாடுகளுக்கும் நடுவே நான்தான் தூதன்.

"அந்த மெஷின் என்ன பண்ணும்னு உன் தங்கச்சிகிட்ட கேளு தம்பி" என்றார் அண்ணி.

"அவ இங்கதான் இருக்கா அண்ணி. காதும் நல்லாத்தான் கேக்குது."

"தெரியும். கேளு."

கேட்டேன். தங்கை காரின் முன்கண்ணாடியைப் பார்த்து விளக்க ஆரம்பித்தாள். நாலாவது வாக்கியத்தில் முழங்காலைச் சீட்டில் ஊன்றிப் பின்பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் காற்றில் படம் போட்டு, நேராக அண்ணியிடமே பேசிக்கொண்டிருந்தாள். மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளுக்குக் கோபம் ஞாபகம் நிற்காது. அண்ணியும் இடையிடையே "அப்புறம்?" என்று நேரடியாகவே கேட்க, என் தூதர் பதவி சத்தமில்லாமல் பறிபோனது.

விஷயம் இதுதான். அந்தக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு எஃகுக் குழாய் இருக்கிறது. எல்லோரும் அதைத் 'தூசிப் பீரங்கி' என்றே சொல்கிறார்கள். குழாயிலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, நானோ துகள்களை, அதாவது ஒரு தலைமுடியின் பருமனை ஆயிரமாக வகுத்தால் வருகிற அளவுத் தூசியை, விநாடிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தகட்டின் மீது சுடுவார்கள். தகட்டின் மேல் நிறமே இல்லாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். அது மகா பிடிவாதக்காரப் பூச்சு. முந்நூறு டிகிரிக்கு மேல் உலையில் சுட்டால்தான் ரசாயன மாற்றம் நடந்து நீலமாகும். வேறு எதற்கும் மசியாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

உலையே வேண்டாம், அந்த வேகத்தில் ஒரு துகள் வந்து மோதினாலே போதும், மோதின இடத்தில் அதே மாற்றம் நடந்துவிடும் என்பது என் தங்கையின் கண்டுபிடிப்பு. அதே துகளை மெதுவாகத் தூவினால் ஒன்றும் ஆகாது. எல்லாம் வேகத்தின் வேலை.

இதை நிரூபிக்க அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பீரங்கிக்கு எதிரே ஒரு தகடு. அதே பூச்சு பூசிய இன்னொரு தகடு, குழாய்க்குள்ளேயே ஓரமாக, துகள் படாத இடத்தில். அதன் பெயர் சாட்சித் தகடு. எதிரே நின்றது நீலமாகி, ஓரமாக நின்றது அப்படியே இருந்தால், நீலம் வந்தது மோதலால்தான் என்பதற்கு அது சாட்சி. இரண்டு வருடமாக ஒழுங்காகச் சாட்சி சொன்ன தகடு, போன செவ்வாய்க்கிழமை பிறழ் சாட்சியாகிவிட்டது. ஓரமாக நின்ற தகடும் நீலம்.

"உடனே நான் ரெண்டையும் உலையில வச்சு எடுத்துட்டேன்னு துறைத் தலைவர் சொல்றார் அண்ணி" என்றாள் தங்கை. சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. சின்ன வயதில் என் பேனாவைத் தொட்டால்கூடத் தொட்டேன் என்று சொல்லிவிட்டு அடிவாங்கியவள் அவள்.

கூடத்துக்குள் மெஷின் எண்ணெய் வாடை. பம்ப்புகள் ஒரே சுருதியில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்கை எல்லோரும் பம்ப் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். தோளில் துணி, கண்ணில் சந்தேகம். நான் குழாயின் மேல் கையை வைக்கப் போனபோது அவர் தொண்டையைக் கனைத்த கனைப்பில் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

துறைத் தலைவர் வந்தார். நெட்டை மனிதர், சட்டைப்பையில் வரிசையாக நாலு பேனா. வில்லனை எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றம். மரியாதையாக வணக்கம் சொன்னார், அண்ணிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்த சாட்சித் தகட்டைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கை அளவு தகடு. அதன் வலது பாதியில் மங்கலான நீலம். இடது பாதியில் ஒன்றுமில்லை.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்லைம்மா" என்றார். "இது சூட்டுல மட்டும்தான் நீலமாகும். முப்பது வருஷமா நான் பாத்துட்டு வர்ற பூச்சு. குழாய்க்குள்ள இருந்தது வெறும் இருபத்து நாலு டிகிரி. அங்க எப்படி நீலமாகும்? பக்கத்து ரூம்ல உலை இருக்கு. யார் எப்போ உபயோகிச்சாங்கன்னு அதுக்குப் பதிவும் கிடையாது. நீங்களே சொல்லுங்க."

நாலு பேனாவில் எதில் அந்த மோசடிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணி தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்தீங்களா சார்?"

தலைவர் தங்கையைப் பார்த்தார். தங்கை பம்ப் அண்ணனைப் பார்த்தாள். பம்ப் அண்ணன் பம்ப்பைப் பார்த்தார்.

யாரும் பார்க்கவில்லை. சாட்சித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைக்கிற பழக்கமே அங்கே கிடையாதாம். கண்ணால் ஒரு பார்வை, பதிவேட்டில் 'சாட்சி: சுத்தம்' என்று இரண்டு வார்த்தை, நேரே பெட்டிக்குள். ஒன்றுமே ஆகாத தகட்டில் என்ன பார்க்க இருக்கிறது என்று இரண்டு வருடமாக அப்படியே ஓடிவிட்டது. அது நீலமான அன்று, தலைவர் அதிர்ந்துபோய்ப் பூட்டி வைத்தார். தங்கை அதிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து அழுதாள். பெரிதாக்கிப் பார்ப்போம் என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கூடத்தில் மைக்ராஸ்கோப் மட்டும் மூன்று இருக்கிறது.

முக்கால் மணி நேரத்தில் பதினாறு படங்கள் வந்தன. தகட்டின் எந்த மூலையில் எடுத்ததோ அந்த வரிசைப்படி நீள மேஜையில் அடுக்கி வைத்தாள் தங்கை. வெறுங்கண்ணுக்கு நீலப் பூச்சாகத் தெரிந்தது, பெரிதாக்கினால் எண்ண முடியாத குட்டிக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் நீளமாக ஒரு வால்.

"உலையில வச்சா குழி விழுமா சார்?"

"விழாது" என்றார் தலைவர்.

நான் கைதட்டத் தயாராகிவிட்டேன். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. சரி, உலை இல்லை, துகள்தான் பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்ட கையோடு அடுத்த குண்டைப் போட்டார். துகள் படவே படாத இடத்தில் துகள் பட்டிருக்கிறது என்றால் இந்தப் பீரங்கி நேராகவே சுடவில்லை என்று அர்த்தம். பாதையே தப்பு, அப்போது வேகக் கணக்கும் தப்பு, இரண்டு வருட முடிவுகள் அத்தனையும் தப்பு. மோசடி போய்க் கையாலாகாத்தனம் வந்தது. எப்படியும் மூன்று மணிக்குக் கையெழுத்து நிச்சயம். தங்கை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி அவள் தோளைத் தட்டி எழுப்பினார். "அடுப்புல எண்ணெய் தெறிச்சா சுவத்துல வால் வச்சுப் படியும் பாத்திருக்கியா? வால் எந்தப் பக்கம் நீளுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் வாணலி இருக்கும். ஒரு ஸ்கேலும் பென்சிலும் கொண்டா."

மெஷினின் வரைபடத்தை விரித்து, தகடு நின்ற இடத்தைக் குறித்து, குழி தெரிந்த படங்களிலெல்லாம் வாலுக்கு எதிர்ப்பக்கமாகக் கோடு இழுத்தார்கள். ஒருத்தி ஸ்கேலைப் பிடிக்க மற்றவர் பென்சிலை ஓட்ட, சூட்கேஸ் சண்டை போட்ட ஜோடியா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது. அத்தனை கோடுகளும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடத்தில் போய்ச் சந்தித்தன. துகள் போகிற பாதையின் நட்ட நடுவில், குழாயின் மேல்மூடிக்கு நாலு விரற்கடை கீழே.

அந்த இடத்தில் இருப்பது வெற்றிடம். காற்றுகூடக் கிடையாது.

"ஒண்ணுமில்லாததுல மோதித் தெறிச்சிருக்கு. பேய்தான்" என்றேன். "கேஸ் முடிஞ்சது அண்ணி."

"வாயை மூடிட்டு டார்ச்சை எடு."

மெஷினுக்குப் போனோம். மூடியில் ஆறு துளைகள், ஒவ்வொன்றிலும் திருகிய அடைப்பான். ஒவ்வொரு அடைப்பானிலிருந்தும் மூடி வரைக்கும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. அது பம்ப் அண்ணனின் கைவேலை. இறுக்கி முடித்ததும் தன் மனைவியின் நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவிடுவார். யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பாட்டில் தீரும்போதெல்லாம் வீட்டில் தனக்குக் கிடைக்கும் மரியாதை பற்றியும் சொன்னார். அண்ணி டார்ச்சை ஒவ்வொன்றாக நகர்த்தி நாலாவதில் நிறுத்தினார். கோடுகள் சந்தித்த இடம் அதற்கு நேர் கீழே. மூடியில் பாதிக் கோடு இருந்தது. அடைப்பானில் மீதிப் பாதி அரை விரல் தள்ளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

பம்ப் அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "இது என் கை இல்லை மேடம். நான் திறந்திருந்தா பழைய கோட்டைத் துடைச்சுட்டுப் புதுசாப் போடுவேன். என் பழக்கமே அதுதான்."

அப்படியானால் அவருடைய பழக்கம் தெரியாத யாரோ, அந்தத் துளை வழியாக எதையோ உள்ளே நீட்டி, வேலை முடிந்ததும் உருவிக்கொண்டு மூடியிருக்கிறார்கள். துகள்கள் அதன் மேல் பட்டுச் சிதறி, ஓரமாக நின்ற சாட்சியைப் பதம் பார்த்திருக்கின்றன. பொறாமை பிடித்த சக ஆராய்ச்சியாளர், வெளிநாட்டு உளவாளி என்று நான் பட்டியல் போட ஆரம்பித்தேன். அண்ணி கண்டுகொள்ளவே இல்லை. பென்சில் பருமனுள்ள இந்தத் துளையில் என்னவெல்லாம் நுழையும் என்று பம்ப் அண்ணனிடம் விசாரித்தார். குட்டிக் கேமரா, அளவுக் கம்பி, இல்லாவிட்டால் தெர்மாமீட்டர் என்றார் அவர்.

"உன் குழாய்க்குள்ள தெர்மாமீட்டர் இருக்கா?" இது தங்கையிடம்.

"இல்ல அண்ணி. வச்சா துகளோட வழியை மறைக்கும். நாங்க வைக்கிறதே இல்ல."

அண்ணி மெல்லத் திரும்பினார். குரல் உயரவே இல்லை.

"உள்ள இருபத்து நாலு டிகிரின்னு சொன்னீங்களே சார். எதுல பாத்தீங்க?"

துறைத் தலைவர் ஒரு பேனாவை எடுத்தார், திரும்பவும் செருகினார், இன்னொன்றை எடுத்தார். பிறகு தன் அறைக்குப் போய், மேஜை டிராயரிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றையும், தீப்பெட்டி அளவு கருவி ஒன்றையும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் தங்கை சாப்பிடப் போயிருந்தபோது அந்தத் தெர்மாமீட்டர் கம்பியை நாலாவது துளையில் அவரே செருகினார். கருவியைப் பம்ப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். சுடும்போது குழாய் உள்ளே கொதிக்கிறது, நீலம் அதனால்தான் வருகிறது என்பது அவருடைய கட்சி. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் வெறும் இருபத்து நாலு. அங்கே சூடு இல்லையென்றால் நீலம் வேறெங்கோ வந்திருக்க வேண்டும், ஆகவே உலை, ஆகவே மோசடி என்று மனப்பூர்வமாக நம்பிவிட்டார். சாட்சித் தகட்டைக் கெடுத்தது தன் கம்பிதான் என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. கம்பி செருகியதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். 'பிறர் பரிசோதனையைப் பதிவேட்டில் எழுதாமல் தொடுவது மன்னிக்க முடியாத குற்றம்' என்று அங்கே ஒரு அறிவிப்பு. கீழே அவர் கையெழுத்து.

எனக்கு ஒரே குஷி. ஆள் கிடைத்துவிட்டார், இனி தங்கை அவரைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி வசதியாக உட்கார்ந்தேன். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கருவியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"சுட்ட நேரம் முழுக்க இருபத்து நாலுதானா சார்?"

"முழுக்க. அரை டிகிரிகூட ஏறல."

அவள் சிரித்தாள், அதே மூச்சில் அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணிதான் விளக்கினார். இரண்டு வருடமாக அவள் எங்கே பேசினாலும் யாராவது எழுந்து, உள்ளே சூடாகியிருக்கும் என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். தெர்மாமீட்டர் வைத்தால் பாதை கெடும் என்று அவளால் மறுத்து நிரூபிக்கவும் முடிந்ததில்லை. குழாய் சூடாகவில்லை, ஆனாலும் பூச்சு நீலமாயிற்று என்று காட்டுகிற ஒரே ஆதாரம் இந்த உலகத்தில் அவளுடைய பரம எதிரியின் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"அது மட்டுமில்ல" என்று தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு படங்களிடம் ஓடினாள். "இடது பாதியைப் பாருங்க. இங்கயும் துகள் கிடக்கு, ஆனா நீலம் இல்ல. கம்பியில நேரா முட்டினது வேகம் செத்து இந்தப் பக்கம் விழுந்திருக்கு. லேசா உரசிட்டுப் போனது வேகம் குறையாம வலது பக்கம் வந்து அடிச்சிருக்கு, அங்கதான் நீலம். ஒரே துகள், ஒரே தகடு, ஒரே நாள். வேகம்தான் வித்தியாசம்."

தலைவர் குனிந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பியின் நுனியை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலப் பளபளத்தது. அப்புறம், கூட்டத்தில் என் பெயர் வர வேண்டியது அவசியமா என்று மிகச் சின்னக் குரலில் கேட்டார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்ததாம். மணி இரண்டே முக்கால்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "கருவியை வச்சது யாரு, எப்போ, எந்த இடத்துலன்னு எழுதலைன்னா அந்த அளவு செல்லாது சார். நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்."

அவர் எழுந்து கூட்ட அறைக்குப் போனார். சொல்வாரா, மாட்டாரா என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வருட இன்சூரன்ஸ் அனுபவத்தில், மனிதர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே எழுதிக்கொடுத்துத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

கூட்ட அறைக்குக் கண்ணாடிக் கதவு. தங்கை உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்தாள்; அண்ணியும் நானும் பம்ப் அண்ணனும், சற்றே திறந்திருந்த அந்தக் கதவில் மூக்கு ஒட்டிக்கொள்ளுமளவுக்கு நெருங்கி நின்றோம். ஐந்து பேரில் தலைமை வகித்தவர் வெள்ளி நிறக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். தட்டச்சு செய்த தாளை அவர் நடுவில் வைத்ததும், துறைத் தலைவர் எழுந்தார். பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, தன் கையால் எழுதினார். எழுதி முடித்து, நின்றபடியே படித்தார்.

"மதியம் ஒன்று பத்து. நாலாவது துளை. ஒரு தெர்மாமீட்டர் கம்பி. வைத்தவர் நான். அனுமதி பெறவில்லை. சுட்ட நேரம் முழுவதும் இருபத்து நாலு டிகிரி. இந்தப் பெண் சொன்னது சரி. முப்பது வருஷமா நான் சொல்லிட்டு வந்தது தப்பு."

பம்ப் அண்ணன் தோள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்று முன்புவரை அந்த மனிதரை ஜெயிலில் தள்ளத் தயாராக இருந்த எனக்கும் கைதட்டத் தோன்றியது. அவர் மேல் மரியாதை வந்துவிட்டது, என்ன செய்வது.

வெள்ளிக் கண்ணாடி அம்மாள் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஆராய்ச்சி தொடரும் என்றார். மெஷினைத் தொட்ட குற்றத்துக்கு என்ன நடவடிக்கை என்பதைப் பாதிக்கப்பட்டவரே சொல்லட்டும் என்று தங்கையின் பக்கம் திரும்பினார்.

தங்கை எழுந்து நின்றாள். காலையில் நடுங்கிய உதடு இப்போது நடுங்கவில்லை.

"அதே கம்பியை அதே இடத்துல வேணும்னே வச்சு மறுபடியும் சுடணும் மேடம். ஒரு தடவை நடந்தா தற்செயல்னு சொல்லிடுவாங்க. எவ்வளவு ஆழத்துல, எந்தக் கோணத்துல வச்சார்னு சாருக்குத்தான் தெரியும். அதனால அவரே வந்து வைக்கணும். முடிவை வெளியிடும்போது என் பேருக்குப் பக்கத்துல அவர் பேரும் வரணும்."

துறைத் தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, குறித்துக்கொள்ளத் தாளை இழுத்து, தன் மாணவியிடம் கேட்டார்.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"